பிழை: கூட்டல் அல்லது கழித்தல்

தராசைச் சரிபார்க்கத்தான் போனேன்.
ஷார்ஜாவிலிருந்து அல் ஐனுக்கு ஒன்றரை மணி நேரம்,
மடியில் எடைக்கற்கள் பெட்டி.
வேனில் ஏசி பழுது. வெளியே நாற்பத்தாறு.
வெல்வெட் குழிக்குள் பத்து கிராம் மட்டும்
வியர்க்காமல் படுத்திருந்தது.

ஜெபல் ஹஃபீத் அடிவாரம், சுடுதளத்தின் பின்னறை.
ஹுமைத் என்று கை கொடுத்தார்.
இசக்கிமுத்து என்றேன்.
"அஹ்லன், இஸ்ஹாக்."
அன்று முழுக்க இஸ்ஹாக்காகவே இருந்தேன்.

தராசு நிலைகொள்ளவில்லை.
பூஜ்யத்தை விட்டு ஏறும், இறங்கும்.
நான் அதைத் தொடாமல் கூரையைப் பார்த்தேன்.
ஏசியின் வாய் நேரே தட்டுக்கு மேலே.
ஓர் அட்டையை ஒட்டிக் காற்றைத் திருப்பினேன்.
எண் நின்றது.
"மலையில்தான் காற்று என்று நினைத்திருந்தேன்" என்றார்.

மேசையில் பித்தளைக் கூடுகள், கழுத்துத் துடைத்து, வாய் திறந்து.
முந்நூறு மேக்னம்.
பக்கத்தில் இரண்டு டப்பா குண்டுகள்.
ஒன்று ஈய வயிறு, செம்புத் தோல், படகு போல ஒடுங்கிய வால்.
மற்றது முழுச்செம்பு, மூக்கில் ஒரு துளை.
இது காற்றை ஏய்த்து வெகுதூரம் போகும்,
கிட்டத்தில் எலும்பில் பட்டால் நொறுங்கிவிடும்.
அது நொறுங்காது,
ஆனால் வேகம் தளர்ந்து போய்ச் சேர்ந்தால்
மலராமல் ஊசி மாதிரி மறுபக்கம் போய்விடும்.
பறப்பதில் கெட்டி ஒன்று. திறப்பதில் கெட்டி இன்னொன்று.
வரன் பார்க்கிறவர் போல
இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

மருந்தின் எடையைக் கிரெயினில் சொன்னார்.
யாரோ ஒருவரின் வயலில் விளைந்த பார்லிமணி அது.
எங்கள் பக்கம் தங்கத்துக்குக் குன்றிமணி.
எதை நிறுத்தாலும் தொடக்கம் ஒரு விதைதான்.
"மருந்துக்கும் ஊர் உண்டு, இஸ்ஹாக்.
இங்கே துள்ளும், பாமீர்க் குளிரில் சோம்பும்.
இரண்டிலும் ஒரே மாதிரி எரிவதைத் தேடுகிறேன்."
வந்த முதல் ஜூலையில்
என் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை.

பிறகு, கேட்காமலே, போன வருடத்துக் கதை.
மலையாடு. எங்கள் வரையாட்டுக்குப் பங்காளி,
கொம்பு மட்டும் முதுகு வரை.
அறுநூற்று நாற்பது மீட்டர்.
ஒரு சாண் பின்னால் பட்டது.
மூன்று நாள் தேடினார்களாம்.
முதல் நாள் பனியில் பொட்டுப் பொட்டாக.
இரண்டாம் நாள் ஒரு பாறையில் மட்டும்.
மூன்றாம் நாள் பனி பெய்துவிட்டது.

சான்றிதழை எடுத்தேன்.
பிழை என்றொரு கட்டம் இருக்கிறது அதில்.
கூட்டல் அல்லது கழித்தல், மில்லிகிராம் இரண்டு.
குறி முழுசாய்ப் பிழைத்தால் ஆடு பிழைக்கும்.
பாதி பிழைத்தால்?
பிழைக்க வந்தவன் நான்,
கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது துப்பாக்கியைக் கொண்டுவந்தார்.
ஸ்கோப்பின் திருகுமுடி எழுநூறு வரை சுற்றும்.
"முந்நூற்றைம்பதுக்கு மேல் இது
திரும்பக் கூடாது. செய்ய முடியுமா?"
கருவிப்பெட்டியில் ஒரு மிமீ ஊசி இருந்தது.
அரைமணி நேரம் அரம் பிடித்தேன்.
சுற்றிப் பார்த்தார். டக் என்று நின்றது.
இன்னும் ஒரு முறை சுற்றினார்.
பில்லில் அதை ஏற்றவில்லை.

அடுத்த ஆண்டு அதே மாதம், அதே தராசு.
அட்டை அப்படியே கூரையில்.
சுவரில் கொம்பு எதுவும் புதிதாக இல்லை.
ஊசி அதன் இடத்தில்.
மரப்பெட்டியைத் தள்ளினார்:
"பத்து செய்து கொண்டுபோனேன். நிறுத்துப் பார்."
ஒவ்வொன்றாய் வைத்தேன்.
ஒன்பது.
ஒன்பதும் ஒரே எடை, கடைசி இலக்கம் வரை.

பத்தாவது குழியில் கொஞ்சம் மணல்.
நான் கேட்கவில்லை.
அவர் தேநீரில் இன்னொரு சர்க்கரைக் கட்டி போட்டார்,
அது கரையும் வரை
இரண்டு பேரும் தராசின் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.